முப்பது செய்திகளும் ஒரு சுழியும்

பரமசிவத்தை யாரோ சதி செய்து கவிழ்த்துவிட்டார்கள் என்று எங்கள் கல்லூரியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. சதியாவது மண்ணாங்கட்டியாவது. அவரைக் கவிழ்த்தது அவருடைய வலது கை. ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

திருநெல்வேலிக்காரர். டெல்லியில் கணித விரிவுரையாளர், அதுவும் தற்காலிகம். ஒவ்வொரு ஜூலையிலும் நீட்டிப்பு உத்தரவு வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பார். செய்திகளை அந்நியர் படிக்க முடியாதபடி எண்களாக மாற்றும் சங்கேதக் கணக்குதான் அவருடைய ஆராய்ச்சி. அதைப் பாடமாக நடத்த வேண்டும் என்று துறைத்தலைவரை நச்சரித்தே பாதி ஆயுளைக் கழித்தார்.

1979-இல் ஒரு வழி பிறந்தது. நிரந்தரப் பதவி, கூடவே அந்தப் பாடம். ஒரே ஒரு நிபந்தனை. அவர் தன் முறையில் முப்பது செய்திகளை மாற்றித் தர வேண்டும். முறை எல்லோருக்கும் தெரியலாம், சாவி மட்டும் ரகசியம். லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகம் மூன்று மாதம் முயன்று பார்க்கும். உடைக்க முடியாவிட்டால் வேலை அவருக்கு. வயது வரம்பு முப்பத்தைந்து. மூன்று மாதம் முடியும்போது அதைத் தாண்ட அவருக்குப் பத்தே நாள் மிச்சமிருக்கும்.

"இதயும் விட்டா நான் தொலைஞ்சேன்வே குழந்தைசாமி," என்றார் என்னிடம்.

செய்திகளை ஆங்கிலத்தில் அவரே கைப்பட எழுதினார். கம்ப்யூட்டர் அறையில் ஒரு பஞ்சாபிப் பெண் அவற்றைப் பார்த்து, கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் எழுத்துக்கு எழுத்து துளை போட்டாள். மூன்று மாதமும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மந்திர் மார்க் பள்ளியில் டீச்சராக இருந்த அவர் மனைவி செல்வி, ஒருநாள் என் வீட்டுக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்.

கெடு முடிந்த அன்று, தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். அந்த அலுவலகத்தில் ராஜாராமன் என்ற அதிகாரி எழுந்து, முப்பது செய்திகளையும் வரிசையாகப் படித்துக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பரமசிவத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

"முறையில ஒரு குத்தமும் இல்லை சார்," என்றார் ராஜாராமன் தமிழில். "செய்திகளோட நீங்க கைப்பட எழுதி அனுப்பின கடுதாசியோட தலைப்புல பிள்ளையார் சுழி இருந்தது. நானும் போடறவன்தான். எங்காபீஸ்ல டைப் அடிக்கற பொண்ணுக்குத் தமிழ் தெரியாது. என் சுழியைப் பார்த்து ரெண்டுன்னு அடிச்சுடுவா. உங்களுக்கும் அப்படித்தான் ஆயிருக்குமோன்னு தோணித்து."

அப்படித்தான் ஆகியிருந்தது. முப்பது செய்திகளின் தலையிலும் அவர் உ போட்டிருந்தார். முப்பதையும் அந்தப் பெண் 2 என்று துளைத்திருந்தாள். சரிபார்த்தபோது பரமசிவமும் அந்த 2-ஐப் பார்த்திருக்கிறார், கம்ப்யூட்டர் அறைக்காரர்கள் போடும் ஏதோ குறி என்று நினைத்து விட்டுவிட்டார். செய்தி எப்படித் தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டால் முப்பது இடத்தில் சாவி அம்பலம். மிச்சத்தைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம்.

எனக்கு ராஜாராமன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வடக்கத்திக்காரனுக்கு இது சாகும்வரை தோன்றியிருக்காது. ஆனால் அந்த மனிதர் தன் வேலையைத்தான் செய்தார், அதுதான் வயிற்றெரிச்சல்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார், வேலையை முடிவு செய்ய வந்திருந்த குழுவின் தலைவர்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் சார்," என்று தமிழிலேயே பதில் சொன்னார் பரமசிவம். அவருக்கு எந்த மொழியில் பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

கல்லூரிக்குத் திரும்பினோம். வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லித் துணைவேந்தருக்கு விண்ணப்பம் எழுதுங்கள் என்று நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். தாளை எடுத்தார். கை தானாக மேலே போய் உ போட்டது. அதைப் பார்த்ததும் கசக்கி எறிந்தார். அடுத்த தாளை எடுத்தார். அதிலும் உ. அதையும் எறிந்தார்.

மூன்றாவது தாளில் பேனா அந்தரத்திலேயே நின்றது. கண் தாரை தாரையாகக் கொட்டியது. ஆண்பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கதவை மட்டும் சாத்தினேன்.

"எங்கன ஆரம்பிக்கதுன்னே தெரியலவே," என்றார்.