அம்மா கேட்ட ஆள்

எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. அதுவும் எங்கள் வார்டு ஆயாம்மாவின் மேல். மாகறலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், என்னைவிட வயதில் சின்னவள். விரிப்பு மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவள் வேலை. நான் நர்ஸ். ஊசி, மாத்திரை போக மீதி நேரமெல்லாம் எனக்கு எழுத்துதான். பிபி எழுது, நோயாளிக்கு உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது என்று எழுது. டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸை ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். ஆயாம்மாவோ கட்டில் கட்டிலாகக் கதை பேசிக்கொண்டே வேலையை முடிப்பாள். டிஸ்சார்ஜ் ஆகிற தறிக்காரர் வீட்டு அம்மாக்கள் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு, கோயில் இட்லியில் ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு, "வரோம் சிஸ்டர்." அவ்வளவுதான்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இடுப்பெலும்பு உடைந்து என் அம்மாவே எங்கள் வார்டுக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடக்கிறாள். இங்கேயாவது நான்தான் முதல் ஆள் என்று நினைத்தேன். பெற்ற பெண் இல்லையா?

நான் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ போ. அவ வரட்டும்."

"அவ எக்ஸ்ரே ரூமுக்குப் போயிருக்காம்மா. நான் வெக்கிறேன்."

"பரவால்ல. அடக்கிக்கினு இருக்கேன்."

அடக்கிக்கொண்டு இருக்கிறாளாம். எனக்குக் காதில் புகை வந்தது. ஆயாம்மா வந்ததும் திரைக்குள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வேறு.

மறுநாள் லீவு போட்டேன். யூனிஃபார்ம் இல்லாமல், வீட்டுப் புடவையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கும் அம்மாவின் கண் வாசலிலேயே இருந்தது. கேட்டேவிட்டேன்.

"அவகிட்ட அப்படி என்னாம்மா இருக்குது?"

"முந்தாநேத்து டூட்டி மாறும்போது என் கால்மாட்டுல நின்னுக்கினு நீ என்னா சொன்ன? 'நாலாம் பெட்டு, இன்னும் மோஷன் போகல'ன்னு. பக்கத்து கட்டில்ல நம்ம தெருக்காரங்க இருக்காங்க. அவகிட்ட சொன்னா அவளோட போயிடுது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தச் சேதியை என்னிடம் வந்து சொன்னதே ஆயாம்மாதான். எல்லாக் கட்டில் சேதியையும் அவள்தான் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவுக்கு அவள் மேல் இருக்கிற பிரியமெல்லாம் அந்த நிமிஷமே போய்விடும். நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்புறம் அம்மா யாரைக் கேட்பாள்? யாரையும் கேட்கமாட்டாள். அடக்கிக்கொண்டே கிடப்பாள். பாழாய்ப்போன மனசு, என்ன செய்வது, விழுங்கிக்கொண்டேன்.

அம்மா மறுபடி அடக்கிக்கொண்டு, கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். எழுந்து வராந்தாவுக்குப் போனேன். ஆயாம்மா அங்கே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வாம்மா. எங்க அம்மாவுக்கு பெட்பேன் வெக்கணும்."

"நீங்களே கூட இருக்கீங்களே சிஸ்டர்?"

"இருக்கேன்," என்றேன். "அது உன்னத்தான் கேக்குது."