தானாக மினுங்கும் சாவி

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு இறக்காமத்தில் பஸ் ஏறி, செக் பொயின்ட்டில் எல்லோரோடும் இறங்கி நடந்து, திரும்பவும் ஏறி, கல்முனைக்கு வந்து சேரும்போது எனக்கு வாய் திறந்து கதைக்கவும் தெம்பு இருக்காது. இரவில் யானைக் காவலுக்கு வயலுக்குப் போய்விட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் மேசையில் தலையை வைத்துத் தூங்கும். அதுகளை எழுப்பி எழுப்பியே என் சீவன் போய்விடும். அப்படி வந்தும் அஸர் தொழுத கையோடு நான் போய்க் குந்தியது ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால். மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்து தந்த பழைய பெட்டி அது. தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஒழுங்கையில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை என்பதால் உம்மா அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தா.

கூடப்பிறந்த மூத்தவர் காக்காவும் நானும் அதில் ஒரு துப்பறியும் விளையாட்டு விளையாடினோம். பெரிய பங்களா ஒன்றில் சொந்தக்காரனைக் கொன்றுவிட்டார்கள். கொன்றது யாரென்று நாங்கள் பிடிக்க வேண்டும். காக்கா மவுஸைப் பிடிப்பார், நான் இங்கிலீசை வாசித்துச் சொல்வேன். எல்லா அறையும் தேடி முடித்து, மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். அதில் மாதம், கிழமை, மணி என்று மூன்று சக்கரங்கள். கொலை நடந்த நேரத்தைச் சரியாக வைத்தால் கதவு திறக்கும். கிழமையை வேலைக்காரி சொல்லிவிட்டாள், வெள்ளி இரவு. மற்ற இரண்டையும் உடைந்த மணிக்கூட்டையும் வாடிய பூக்களையும் பார்த்து ஊகிக்க வேண்டும். அந்த இரண்டையும் நாங்கள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். கதவு அசையவில்லை.

அதற்கிடையில் காக்காவுக்குக் கலியாணம் முடிந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் வீட்டை விட்டுப் போவது ஆண்தான். வீடு பெண்பிள்ளைக்கு. காக்கா இரண்டு பையோடு சாய்ந்தமருதுக்கு, மதினியின் வீட்டுக்குப் போனார். வீடும் கொம்பியூட்டரும் எனக்கு மிஞ்சின. ஆனாலும் நெல் ஆலையில் வேலை முடிந்ததும் சைக்கிளை இங்கே மிதிப்பார். அந்தக் கதவு அவரை விடவில்லை. பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போவார்.

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"மனே, கலியாணம் முடிச்ச ஆம்பிள ஒவ்வொரு நாளும் உம்மாட ஊட்ட வந்து குந்தினா, பொண்டாட்டியோட கொழுவல் எண்டுதான் சனம் கதைக்கும்."

"கொழுவலும் இல்ல ஒண்டும் இல்லம்மா. அந்தக் கதவு தொறக்கட்டும், வாறத்த நிப்பாட்டிர்றன்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டில் நான் மனம் விட்டுக் கதைத்த ஒரே ஆள் காக்கா. கதவு திறக்கவும் வேண்டும், அவர் வரவும் வேண்டும் என்றால் நான் என்ன செய்வது?

ஒரு நாள் அவர் பசாரிலிருந்து புது விளையாட்டு சீடி ஒன்று கொண்டுவந்தார். பழைய மாதிரி விளையாட்டைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை என்று கடைக்காரர் சொன்னாராம். கடையில் நின்ற பொடியன்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாயடித்தார்களாம். லேசான விளையாட்டு சின்னப்பிள்ளைகளுக்கு என்பது ஒரு கட்சி. மாதக்கணக்கில் ஒரே அறையில் அலைகிறவனுக்குப் பைத்தியம் என்பது மற்றக் கட்சி.

பௌர்ணமிப் போயா லீவில் அதைப் போட்டோம். அதுவும் கொலைதான், அதுவும் பங்களாதான். ஆனால் எடுக்க வேண்டிய சாமானெல்லாம் தானாக மினுங்கியது. மேசையில் சாவி மினுங்கியது, சட்டைப் பையில் துண்டு மினுங்கியது. கொஞ்சம் யோசித்து நின்றால் போதும், ஒரு குரல் வந்து அடுத்தது எங்கே போக வேண்டும் என்று சொல்லித் தந்தது. நடுப்பகல் லுஹருக்கு முன்னால் கொலைகாரனைப் பிடித்துவிட்டோம். காக்கா கையை விரித்துச் சோம்பல் முறித்தார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல என்ன இரிக்கி காக்கா? சாவி தானா மினுங்கினா நாம என்னத்துக்கு?"

"புள்ள, ஒவ்வொரு நாளும் ஆலையில ஆக்களோட தொண்ட கிழியக் கத்திட்டு வாறன். இங்கயும் வந்து மண்டயக் கொழப்ப ஏலா. கத தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அது நியாயம். நானும் களைத்தவள்தான். ஆனால் என் களைப்பு வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் நான் எதைச் செய்தாலும் ஒன்றும் நகருவதில்லை, ஏன் நகரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. அந்தப் பழைய கதவு திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. தேடினால் கிடைக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழையதற்குக் காக்கா திரும்பவில்லை. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். பிறகு ஜும்மா முடிந்து மட்டும், மதினியோடு. உம்மாவுக்கு நிம்மதி.

ஒரு வியாழக்கிழமை மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் உம்மா கூப்பிட்டா. "வெள்ளி இரவு புள்ள, வந்து யாஸீன் ஓது."

பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு. அன்றைக்குத்தான் உறைத்தது. நமக்கு மஃரிபோடு நாள் பிறக்கிறது. வெள்ளியின் இரவு வியாழன் பொழுதுபட்டதும் வந்துவிடும். வெள்ளைக்காரனுக்கு அது வெள்ளிப் பகலும் கழிந்த பிறகுதான். வேலைக்காரி சொன்னதைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்காமல் வியாழனில் சக்கரத்தை வைத்தோம். கிழமையில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஓதி முடிக்கும்வரை சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

ஓதிவிட்டுப் போய், மாதத்தையும் மணியையும் முதலில் ஊகித்தபடியே வைத்து, கிழமையை வெள்ளியில் வைத்தேன். கதவு திறந்தது. உள்ளே போகவில்லை. காக்கா வரட்டும் என்று விளையாட்டை அப்படியே பதிந்துவிட்டு நிறுத்தினேன்.

மறுநாள் ஜும்மா முடிந்து காக்காவும் மதினியும் வந்தார்கள். உம்மா விருந்தாளிகளுக்கு எடுக்கிற கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தா. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, நாம வியாழனயா வெச்சிருந்த?" காக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "உள்ளுக்கு என்னண்டு நீயே பாரு புள்ள. எங்களுக்கு ஊட்ட போகணும், கூர திருத்த ஆள் வாறாங்க."

அவர் வீடு என்று சொன்னது சாய்ந்தமருதை. சொன்னது அவருக்கே தெரியாது.

கொலைகாரனை நான் தனியாகத்தான் பிடித்தேன். அதன் பிறகு காக்கா எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்தார். பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார், என் இடமாற்றம் என்ன ஆனது என்று கேட்டார். கொன்றது யார் என்று கேட்கவே இல்லை.