வெள்ளிக்கிழமை மெக்கானிக்

மாயாண்டியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. என் வீட்டுக்காரருக்கு வீட்டுச் சாமான் லிஸ்ட் எழுதவே கை வராது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன காரில் ஆரம்பித்தது. 2006 நவம்பரில், அபுதாபி பக்கம் அல் ஐனில், எங்கள் தெருவிலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார். அவர் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய எம்.ஜி. கார் கிடந்தது. 1958ஆம் வருஷத்து வண்டி. கூரை கிடையாது, ரெண்டே சீட், அதையும் எலி தின்றிருந்தது. அதைச் சல்லிசாக ஒருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போனார். யார் தலையில்? என் வீட்டுக்காரர் சீதாராமன் தலையில்தான். காலேஜில் கணக்கு வாத்தியார். டயர் பஞ்சரானால் போன் போட்டு ஆள் கூப்பிடுகிறவர்.

"ரெண்டு பேர் உட்கார்ற காரு வாங்கியிருக்கீங்களே, நம்ம பொண்ணு ஸ்வாதிய டிக்கியிலயா போடறது?" என்று கேட்டேன். "நாமளே மெதுவா ரெடி பண்ணிடலாம் பிரபா, செலவே ஆகாது" என்றார் மனுஷன். நாமளாம்!

கராஜ்கள் வரிசையாக இருக்கும் சனாயாவில் ஒருத்தர் விடாமல் விசாரித்துவிட்டார். "பார்ட்ஸ் மாஃபி, பாய்" என்று, பார்ட்ஸ் கிடையாது என்பதை அரபியில் சொல்லி, எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால், அந்தச் செலவில் இதுபோல நாலு கார் வாங்கலாம். இரண்டு மாதம் அது எங்கள் போர்ட்டிகோவில் பானெட்டைத் திறந்துகொண்டு கிடந்தது. துணி காயப்போட இடமில்லாமல் நான் தினமும் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் எங்கள் தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டினார்கள். அந்த ஆட்களில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். முப்பத்தெட்டு வயசிருக்கும், புழுதியில் புருவமே வெளுத்திருந்தது. நான் பாட்டிலோடு வெளியே வந்தபோது அவர் கண் தண்ணீரில் இல்லை, காரில் இருந்தது.

"அம்மா, கோச்சுக்கிறாதீங்க. இது நம்ம அம்பாசிடர் இஞ்சினுல்ல?"

"இது லண்டன் கார். நீங்க தண்ணியக் குடிச்சிட்டு வேலையப் பாருங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. எதையும் தொடாமல் விரலால் மட்டும் காட்டினார். "இந்தா இருக்கு வாட்டர் பம்பு. இது டிஸ்ட்ரிபூட்டரு. இதுல ரெண்டு கார்பரேட்டர் வச்சிருக்கான், அந்த ஒண்ணுதான் வித்தியாசம். கண்ணக் கட்டி விட்டாலும் பிரிச்சு மாட்டிருவேம்மா."

சாயந்திரம் என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அந்த ஆள் சொன்னது நெஜம்! ஒரே கம்பெனி எஞ்சின்!" என்று கத்தினார். மறுநாள் காலையில் கல்லூரிக்குக்கூடப் போகாமல் பள்ளத்தருகே போய் நின்றுகொண்டார்.

மாயாண்டிக்கு உசிலம்பட்டிப் பக்கம். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் அம்பாசிடர் மட்டுமே பார்த்தவர். மெக்கானிக் விசா என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பிவைத்திருக்கிறான். வந்து இறங்கிப் பார்த்தால் பேப்பரில் ஹெல்பர் என்று இருந்தது. மூன்று வருஷமாகக் கையில் கடப்பாரைதான். "ஸ்பேனர் புடிச்சு மூணு வருசமாச்சும்மா, கை நமநமங்குது" என்பார். கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கூலி வேண்டாம் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: மெக்கானிக் விசா. என் வீட்டுக்காரரின் மாணவன் ஒருவனுடைய அப்பா, அராபியர், சனாயாவில் கராஜ் வைத்திருந்தார். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். "வண்டி ஓடட்டும் மாயாண்டி, அவரக் கூட்டிட்டு வந்து காட்டறேன். உங்க வேலையப் பாத்தா விடமாட்டார்" என்று என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார்.

ஒரு கம்பெனி விசாவில் வந்தவர் வேறு இடத்தில் ஒரு ஆணி அடித்தாலும் அங்கே குற்றம். தெரிந்தால் விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அப்புறம் ஒரு வருஷத்துக்கு நாட்டுக்குள்ளேயே வரமுடியாது. இது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகவே தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டால் சாப்பிட வந்த ஊர்க்காரர் என்று சொல்வேன். உடம்பெல்லாம் கிரீஸோடு எந்த ஊர்க்காரர் சாப்பிட வருவார்? நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அம்பாசிடர் பார்ட்ஸே இதற்குச் சேரும் என்பதால், எல்லாம் மதுரையிலிருந்து வந்தது. மாயாண்டியின் ரூமில் பன்னீர்செல்வம் என்று அவர் ஊர்க்காரர் இருந்தார். பிப்ரவரியில் லீவு முடிந்து திரும்பியபோது, ஹெட் கேஸ்கெட்டைப் புடவை மடிப்புக்குள் வைத்து, பிஸ்டன் ரிங்கையும் வாட்டர் பம்ப்பையும் முறுக்குக்கு நடுவில் சொருகி, இஞ்ச் கணக்கு ஸ்பேனர் செட் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். அல் ஐனில் கிடைத்ததெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான், இந்த நட்டுக்குச் சேராது. பன்னீர்செல்வமே நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஊறுகா கொண்டாற வேண்டிய எடத்துல இரும்பு கொண்டாந்திருக்கேன். என் வாயில மண்ணு" என்று சிரித்தார்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை எஞ்சின் பிடித்தது. முதலில் இருமிற்று, கறுப்புப் புகை கக்கிற்று, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. மாயாண்டி காரின் பக்கமாகக் குனிந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இத்தனை மாதமாக அந்தக் கார்மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் மறந்து கேசரி கிண்டினேன்.

அடுத்த வாரம் கராஜ் முதலாளி வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டிப் பார்த்து, மாயாண்டியின் தோளில் தட்டினார். "அவன் கம்பெனி ஆட்சேபம் இல்லை என்று ஒரு பேப்பர் கொடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். என்.ஓ.சி. என்று சொல்வார்கள். மாயாண்டி அன்று சாப்பிடக்கூட நிற்கவில்லை, பன்னீர்செல்வத்திடம் சொல்ல ஓடினார்.

அந்தப் பேப்பரை எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல். "அவசரப்படக் கூடாது பிரபா. அவங்க கம்பெனியில யாரையாவது புடிச்சு, பதமா கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மனுஷன் பதம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, மாயாண்டி பள்ளத்தில் நிற்கிறார். எனக்குத்தான் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாதே. அவர் கல்லூரிக்குப் போன பிறகு டைரக்டரியில் நம்பரைத் தேடி, கம்பெனி ஆபீசுக்கு நானே போன் போட்டேன்.

மேனேஜர் தமிழ் தெரிந்தவன். அப்படியொரு மரியாதை.

"மாயாண்டி மாதிரி ஒரு கைராசிக்காரரக் கடப்பாரை புடிக்க வச்சிருக்கீங்களே சார். நாப்பத்தொம்பது வருஷத்துக் காரு, செத்துக் கிடந்தது. எங்க வீட்டுக்கு வந்து உயிர் குடுத்துட்டார்."

"அப்படியா மேடம்? எவ்வளவு நாளா வர்றார்?"

"நாலு மாசமா. ஒரு வெள்ளிக்கிழமை தப்பினதில்ல."

"ரொம்ப சந்தோஷம் மேடம். உங்க அட்ரஸ் சொல்லுங்க."

அட்ரஸ் கேட்டானே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? வில்லா நம்பர் முதற்கொண்டு சொன்னேன். போனை வைத்துவிட்டு, நான் நினைத்தால் முடிக்காத காரியம் உண்டா என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாயாண்டி பூத்திலிருந்து போன் செய்தார். விசாவைக் கேன்சல் செய்துவிட்டார்கள், சாயந்திரம் ஏர்போர்ட்டுக்கு பஸ். என் வீட்டுக்காரர் போனை வைத்ததும் நான் செய்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தினமும் ஓட்டும் பெரிய காரின் சாவியை எடுத்துக்கொண்டு "வா" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் வாசலில் பஸ் நின்றிருந்தது. மாயாண்டி ஒரு பையோடு ஓரமாக நின்றார். எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டாய்ங்கம்மா. வெள்ளிக்கெழம வந்தது, உங்க வீட்டு நம்பரு, எல்லாத்தையும் ஆபீசுல மேனேஜரு புட்டுப்புட்டு வைக்கிறான். ரூம்ல உங்க வீடு தெரிஞ்சவன் பன்னீரு ஒருத்தன்தான். கேட்டேன், நான் இல்லடாங்குறான். ஆத்திரத்துல அடிச்சுப்புட்டேன். உதடு கிழிஞ்சுபோச்சு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். சொல்லாமல் இருந்துவிடலாமே என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஊர் போய்ச் சேர்ந்தாலும் என்னை நல்லவள் என்றே அவர் நினைத்திருப்பார்.

"நான்தான் மாயாண்டி. என்.ஓ.சி. கேக்க நான்தான் போன் பண்ணேன். உங்களப் பெருமையா சொல்றதா நெனச்சு எல்லாத்தையும் உளறிட்டேன்."

டிரைவர் ஹாரன் அடித்து, சீக்கிரம் ஏறச் சொல்லி "யல்லா, யல்லா" என்றான். மாயாண்டி என்னையே பார்த்தார். வாய்க்கு வாய் அம்மா என்பவர், அந்த ஒரு தடவை அப்படிக் கூப்பிடவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்னாகப்போகுது. அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க. பதினாலாம் நம்பர் ரூம்பு."

அந்த மாதிரி கேம்ப்புக்குள் பெண்கள் போவதில்லை. நான் போனேன். முகம் கழுவிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்த ஆண்கள் அவசரமாக லுங்கியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பன்னீர்செல்வம் கீழ்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உதடு வீங்கித் தொங்கியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இத அவங்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

சட்டைகூடப் போடாமல் என்னைத் தாண்டி ஓடினார். நான் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, வெறுங்காலோடு ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.