பாஸ்தா வகுப்பில் ஒரு கட்டிங் மாஸ்டர்

பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துக் கத்துவதற்குத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள். கத்திப் பழகிய வாய் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. போன தை மாதம் கம்பெனி ஆட்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூட்டிவந்தேன். குழம்பில் உப்பு குறைவு. அவர்கள் எதிரிலேயே தட்டைத் தள்ளிவிட்டு, இத்தனை வருஷமாகியும் உப்புப் போடத் தெரியவில்லையா என்று மனைவியைக் கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சோறு வேளைக்கு வந்தது, பேச்சுத்தான் வரவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கேட்ட குரல் இல்லாமல் எனக்கு வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போனிலேயே விஷயம் புரிந்துவிட்டது. எங்களைக் கேட்காமல், அவிநாசி சாலையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் இத்தாலி பாஸ்தா வகுப்பில் இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டாள். மொத்தமே ஆறு பேர். சொல்லிக்கொடுத்த பெண்மணி முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தவர். பனியன் வாங்க வரும் இத்தாலிக்காரர்களோடு பழகி, அவர்கள் ஊருக்கே போய் இதைக் கற்றுவந்திருக்கிறார்.

மைதாவில் முட்டையை ஊற்றிப் பிசைந்தோம். உடனே தேய்த்தால் மாவு சுருங்கிக்கொள்ளும், அரை மணி நேரம் விட வேண்டும் என்றார் அவர். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் துணியும் அப்படித்தான், ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறவிட்டுத்தான் வெட்டுவோம், இல்லாவிட்டால் தைத்த பனியன் சுருங்கிவிடும் என்று எல்லோருக்கும் நான் வகுப்பெடுத்தேன்.

என் மனைவி தேய்த்த மாவு, அடியில் இருக்கும் கை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்தது. டீச்சர் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்தது வெட்டுவது. தேய்த்த மாவுத் தகடுகளை ஒவ்வொன்றாக, மைதா தூவி, நாடா நாடாக வெட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எவன் வெட்டுவான்? கம்பெனியில் நூறு துணியை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து ஒரே வெட்டில் முடிப்பவன் நான். அவளுடையது நாலு, என்னுடையது நாலு, எட்டையும் ஓரம் பிசகாமல் அடுக்கி, அழுத்திப் பிடித்து வெட்டினேன். வெட்டு என்னவோ நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் துணி ஒட்டாது, மாவு ஒட்டும். எட்டும் ஒன்றாகி, பிரிக்கப் போனால் பிய்ந்தது.

அத்தனை பேரும் பார்த்தார்கள். திருப்பிக் கேட்க அவளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கேட்டிருந்தால் அது நியாயமும்கூட. காது சூடாகத் தலையைக் குனிந்து நின்றேன்.

"மாவுதானுங்க, மறுக்காப் பெசஞ்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லி, அவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டாள்.

மறுபடி பிசைந்த மாவுக்கு மறுபடி அரை மணி நேரம். ஜன்னலோரம் இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்தோம். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் விரலில் காய்ந்திருந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை அவளே வெட்டினாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்புப் போடுவது என் வேலை. சாப்பிட உட்கார்ந்தபோது, உப்புப் போட மறந்தது முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று டீச்சர் வந்து கேட்டார். நல்லா இருக்கிறது என்று சொல்லி, அவள் தட்டைக் காலி செய்தாள்.

திரும்பும்போது சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் இருந்தவள் தோளில் கைவைத்து, காதருகே குனிந்தாள்.

"உப்புப் பத்தலீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக்கூடியதை என் ஒருவன் காதுக்கு மட்டும் சொன்னவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ஆமா புள்ள, மறந்துட்டேன்" என்றேன்.