தொண்டையில் வைத்த கை

ஐம்பதுகளின் நடுவில், குன்றாண்டார்கோவிலிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த ஓராசிரியர் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மூக்கின் மேல் கோபம். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். அவர்களில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. பலகையைப் பார்த்து அச்சடித்த மாதிரி எழுதுவாள். வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டாள். திமிர் என்று நினைத்து ஸ்கேலால் அடித்தேன். அழாமல் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடிகளை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பள்ளியின் தரை கல் பாவியது. மிதித்தால் கற்கள் லேசாக ஆடும். அதில் உள்ளங்கையை ஊன்றித்தான் அவள் உட்காருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முதுகுப்பக்கம் போய் நிற்பேன். மெல்லத் திரும்பி நேராக என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போகும். சில மதியங்களில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வரும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல. மற்ற பிள்ளைகள் வெளியே ஓடிவிடுவார்கள். ஒருமுறை நானும் ஓடினேன், சொல்ல வெட்கம்தான்.

பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கடலைக்காட்டில் பாடுபடும் அவள் அப்பா ஒரு திங்கட்கிழமை வந்தார்.

"வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுல பேயோட்டுற கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போறேன் டீச்சர். அது போகலைன்னா இனிமே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேங்க."

எப்படி ஓட்டுவார்கள் என்று கேட்டேன்.

"பேரைக் கேப்பாருங்க. அது பேரைச் சொல்ற வரைக்கும் சாட்டையடிதான்."

மறுநாள் அவள் பள்ளி வாசலில் கிடந்த உயரமான கல்லில், கால்களைத் தொங்கவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால், மணிக்குப் பதிலாக நாங்கள் தட்டும் தண்டவாளத் துண்டை ஓங்கி அடித்தேன். அவள் கண்கூட இமைக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தரையில் கை ஊன்றி உட்காரவைத்து, பின்னால் போய்க் காலால் மெல்லத் தட்டினேன். திரும்பினாள். அவளுக்குக் காது கேட்கவில்லை. கல்லின் ஆட்டத்தைக் கையால் தெரிந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் அப்பாவிடம் ஓடினேன். "காது கேக்காதவளுக்கு முதுகுக்குப் பின்னாடி வர்ற ஆளு எப்படிங்க தெரியும்?" என்றார். நான் சொன்ன எந்த விளக்கமும் அவர் மண்டையில் ஏறவில்லை.

இன்னும் மூன்று நாள் இருந்தது. கோடாங்கி கேட்கும்போது ஒரு சத்தமாவது வாயிலிருந்து வந்தால் அடி நிற்கும் என்று நினைத்தேன். அவள் கையை என் தொண்டையில் வைத்து "அ" என்றேன். பிறகு அவள் தொண்டையில் வைத்தேன். வியாழக்கிழமை கரகரவென்று ஒரு "அ" வந்தது. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். உச்சி வெயிலில் உடுக்கைச் சத்தம் காதைப் பிளந்தது. அவள் மட்டும் நடுவில் சலனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கோடாங்கி அவள் முகத்தருகே குனிந்து, "யாரு நீ? பேரச் சொல்லு!" என்று கத்தினார். விரிந்த அந்த வாயைப் பார்த்ததும் பாடம் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள் போல. கையை நீட்டி அவர் தொண்டையில் வைத்தாள்.

"கழுத்தை நெரிக்குது!" என்று கூட்டம் அலறியது. கோடாங்கி பின்னால் சாய்ந்து விழுந்தார். எழுந்தபோது கையில் சாட்டை. நான் உள்ளே பாய்ந்து, அவள் கையைப் பிடித்து என் தொண்டையில் அழுத்தி, "அ!" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். உடுக்கை நின்றது. பேய் பேசிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஓரடி வைத்தேன். கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

திங்கட்கிழமை ஒரு பிள்ளைகூட வரவில்லை. பரப்பிவைத்த மணலைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன். என் மூச்சு எனக்கே பயமாகக் கேட்டது. வெயில் ஏறிய பிறகு அவள் அப்பா அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்து, வாசலுக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுவிட்டார்.

"ஒருக்கா விட்ட ஆள அது திரும்பத் தொடாதுன்னு கோடாங்கி சொன்னாருங்க. அதான் கொண்டாந்தேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது ஒங்ககிட்ட வந்துருச்சாமே டீச்சர். நெசந்தானா?"

இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இல்லை என்றால், அது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது என்று ஆகும். அந்தச் சாட்டையும் அங்கேயேதான் இருக்கிறது.

"ஆமாங்க," என்றேன். "எங்கிட்டதான் இருக்கு."

அவர் அவள் கையை விட்டார்.