முன் இருக்கையில் ஒரு பம்ப்

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். டென்மார்க்கின் மேற்குப் பக்கம், ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே வயல்களின் நடுவே போகும் ஒரு தெருவில் இது நடந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் அது.

ஒரு சின்னக் கம்பனியில் எனக்கு வேலை. பன்றிப் பண்ணைகளில் கூடுகள் காலியானதும் வேனில் போய், அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்கும் மெசினால் கழுவிக் கொடுக்க வேண்டும். என்னோடு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்தார். ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர். மனைவியும் மகளும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, அண்ணை காத்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஏன் பதில் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

கடலில் மீன்பிடித்து வாழ்ந்த எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் அண்ணை தன் அலுவல்களை எல்லாம் என்னிடம்தான் கேட்பார். "நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் விண்ணப்பத்துக்கு நல்லது" என்று சொன்னதும் நான்தான். அதைச் சொன்ன நாளிலிருந்து அவர் அந்த வேலையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்.

அதற்கு முந்திய கிழமை இன்னொரு வேனில் பம்புக்குள் தண்ணீர் உறைந்து, பித்தளைத் தலை இரண்டாகப் பிளந்துவிட்டது. முதலாளி அந்த வெடிப்பை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். அதைக் கவனிக்காமல் விட்டவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். "அடுத்த ஆளுக்கும் இதுதான்" என்றார். வேலை முடிந்ததும் பம்பிலிருந்து தண்ணீரை முழுவதும் வெளியேற்றுவது அதன்பின் எனக்குச் சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

அன்று மதியம் முதல் பண்ணையை முடித்தோம். நான் பம்பை வடித்துவிட்டு, பண்ணைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிப் பின்கதவைப் பூட்டியிருந்தார். அடுத்த பண்ணைக்குப் புறப்பட்டோம். கொஞ்சத் தூரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. பக்கவாட்டில் காற்றும் சேர்ந்துகொண்டது. தெரு எது, வயல் எது என்று தெரியவில்லை.

"தம்பி, அங்க போய் மினைக்கெடத் தேவையில்லை," என்றார் அண்ணை. "பம்ப் காத்து இழுக்காது. நான் நிரப்பித்தான் வச்சிருக்கிறன்."

நான் வேகத்தைக் குறைத்தேன். "என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"தண்ணி விட்டு, குழாயின்ர வாயைத் துணியால இறுக்கி அடைச்சனான். வத்தின பம்ப் இழுக்குமே? உங்கட ஆக்கள் வள்ளத்துக்குள்ள வாற தண்ணியை வெளியில இறைக்கிறவை. நாங்கள் கிணத்திலயிருந்து மேல இழுக்கிறனாங்கள். பம்பைப் பற்றி எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் எவனும் பம்பை வெறுமையாக விடமாட்டான். விட்டால் விடியற்காலையில் அது தண்ணீர் எடுக்காது, பயிர் காயும். எனக்கு உதவி என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். வேனின் பின்பக்கமோ வெறும் தகரம். நான் வேனை ஓரம்கட்டி, போன கிழமை பார்த்த வெடிப்பை மட்டும் ஞாபகப்படுத்தினேன். அவருடைய முகம் மாறிப்போனது.

இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். பம்பின் அடியில் ஒரு திருகாணி உண்டு, அதைக் கழற்றினால் தண்ணீர் வடியும். ஸ்பானரைப் போட்டேன், அசையவில்லை. சுற்றிலும் ஏற்கெனவே ஐஸ் பிடித்திருந்தது, குழாய்வாயில் அடைத்த துணியும் கல்லாக இறுகியிருந்தது. அண்ணை தன் பிளாஸ்கைத் திறந்து, மிச்சமிருந்த தேத்தண்ணியை முழுக்க அதன்மேல் ஊற்றினார். மறுபடி திருகினேன். ஆணியின் தலை வழுக்கித் தேய்ந்ததுதான் மிச்சம். மெசினை ஓடவிட்டுத் தண்ணீரை வெளியே தள்ளலாம் என்றால், அதற்கு மின்சாரம் வேண்டும்.

வேனில் சூடு இருந்த இடம் முன்பக்கம் மட்டும்தான். அங்கே இருந்தது இரண்டு இருக்கை. அண்ணைக்கு வாகனம் ஓட்டத் தெரியாது.

"மெசினை முன்னுக்கு வை. நான் பின்னால இருக்கிறன்," என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை."

"அடுத்த பண்ணை கிட்டத்தானே. இடைக்கிடை தகரத்தில தட்டுறன். தட்டினா இருக்கிறன் எண்டு நினை."

இருவரும் மூச்சுப் பிடித்து மெசினைத் தூக்கி முன் இருக்கையில் சாய்த்தோம். அண்ணையே பெல்ட்டையும் மாட்டிவிட்டார். "பார், பொம்பிளை மாதிரி முன்னுக்கு இருந்து வாறா," என்று சிரித்துவிட்டுப் பின்னால் ஏறினார். ஹீட்டரை முழுதாகத் திறந்து மெசினின் பக்கம் திருப்பிவிட்டேன்.

ஊர்ந்துதான் போக முடிந்தது. தகரத் தடுப்பில் டக் டக் என்று கேட்டது. நானும் திருப்பித் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி டக் டக். பக்கத்தில் மெசினிலிருந்து இனிப்புத் தேத்தண்ணி வாசம் சூடாக எழும்பியது. ஒரு வளைவில் வேன் மெதுவாக வழுக்கி, குவிந்து கிடந்த பனிக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. பின்னுக்கு எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சும்மா சுற்றியது.

அப்போதுதான் உறைத்தது, தட்டுச் சத்தம் கேட்டுக் கனநேரம் ஆகிவிட்டது. நான் தட்டினேன். பதில் இல்லை. கையை மடக்கிக் குத்தினேன். பதில் இல்லை.

பின்கதவைத் திறந்தேன். அண்ணை குழாய்ச் சுருளுக்கு மேல் முடங்கிக் கிடந்தார். வேலை செய்தபோது நனைந்த மேலுடுப்பு மட்டை மாதிரி விறைத்திருந்தது. உதடு சாம்பல் நிறம். ஆனால் உடம்பு நடுங்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. உலுப்பினேன். கண்ணைத் திறந்து, "லைனை மாத்தி விடு, அந்தப் பாத்திக்குத் தண்ணி காணும், நிரம்பிட்டுது," என்றார். அவர் தோட்டத்தில் நின்றார்.

இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன். கதவைத் திறந்தால், இருக்கையில் மெசின். அவருக்கும் அப்போது நினைவு வந்துவிட்டது போலும். என் கையைப் பிடித்தார். விரல்களில் பிடி இல்லை.

"அதைத் தொடாதை. தம்பி, பிள்ளை வரவேணும். அதைத் தொடாதை."

இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கும். நான் பெல்ட்டைக் கழற்றினேன். தனியாகத் தூக்க முடியாது. அவரைச் சற்றுத் தள்ளி வேனில் சாய்த்துவிட்டு, மறுபக்கத்தால் ஏறி, முதுகை ஓட்டுநர் கதவில் ஊன்றி, இரண்டு காலாலும் அந்த மெசினை உதைத்துத் தள்ளினேன். அது பனிக்குள் சத்தமே இல்லாமல் விழுந்து அமிழ்ந்தது. அண்ணை சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அவரை ஏற்றி, நனைந்த உடுப்பைக் கழற்றி, என் ஜக்கெட்டைப் போர்த்திக் கைகளை என் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். புகைக்குழாயைப் பனி மூடினால் உள்ளே இருப்பவர்கள் செத்துப்போவார்கள் என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் அடிக்கடி இறங்கிக் கையால் தோண்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு நடுக்கம் வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

வெளிச்சம் மங்கும்போது, முன்னால் பனி வாரும் தகடு பூட்டிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தது ஒரு டெனிஷ் பெண். பக்கத்துப் பண்ணைக்காரி. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவரை டிராக்டரின் சூடான கூண்டுக்குள் ஏற்றினார். நான் எனக்குத் தெரிந்த டெனிஷில் பனியைக் காட்டி, "மெசின், தண்ணீர், வேலை" என்று உளறினேன். அவர் விளங்கிக்கொண்டு, டிராக்டரின் தகட்டால் மெசினைக் கோரி எடுத்தார்.

அந்தப் பெண்ணின் வீட்டில் அண்ணையை அடுப்படிக்குள் இருத்திச் சர்க்கரை போட்ட சுடுபானம் கொடுத்தார்கள். மெசினை மாட்டுத் தொழுவத்தில், மாடுகளுக்கு நடுவே வைத்தார்கள். நான் குந்தியிருந்து பித்தளைத் தலையைச் சுற்றி விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண் சிரித்தார். சூடாக இருந்த இரும்பு, பனிக்குள் புதைந்துவிட்டது, காற்றுப் படவில்லை, பனி அதற்குப் போர்வை என்றார். தொழுவத்து மின்சாரத்தில் பூட்டினோம். மெசின் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது.

அந்தப் பெண்ணே எங்கள் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்களுடைய இரண்டு ஆட்களும் ஒரு மெசினும் என்னிடம் இருக்கிறார்கள். மூவருக்கும் சூடு வந்துவிட்டது," என்றார். எங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. சில வருடம் கழித்துத்தான் நாடு முழுக்கப் பேச்சானது. எங்கள் ஆட்களின் குடும்ப விண்ணப்பங்களை நீதி அமைச்சில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணை என்னைத் தேடி வந்தார். "அப்ப அந்த மெசின் வெடிச்சிருந்தாலும் ஒண்டுதான், என்ன?" என்றார். அவரைப் பின்னால் ஏற வைத்தது குளிர் மட்டுமல்ல, நிரந்தர வேலை இருந்தால் நல்லது என்று நான் சொன்னதும், படித்தவன் என்று நம்பி அவர் பிடித்துக்கொண்ட அந்தச் சொல்லும்தான்.

கிடந்த விண்ணப்பங்களை மறுபடி கையில் எடுத்தபின், மனைவியும் மகளும் ஒருநாள் வந்து சேர்ந்தார்கள். அவரது இடக்கையில் இரண்டு விரல்நுனிக்கு இப்போதும் உணர்ச்சி இல்லை. மகள் கேட்டால், "மெசின் வேலை செய்தா அப்பிடித்தான்" என்று சொல்லிவிடுவார்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு வேன் இருக்கிறது. குளிர்நாளில் வேலை முடிந்ததும் பம்பை வடிக்கிறேன், உறையாமல் இருக்க மருந்துத் தண்ணீரும் விடுகிறேன்; ஆனால் அதற்கு முன்னால், என்னோடு வேலைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் அவருடைய கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மெசின் பக்கம் போகிறேன்.