கதவோரத்து அடுக்குப்பானை

என் நாத்தனார் பொன்னி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பாள், உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று. வா என்று கூப்பிடுகிற முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள்.

அவளும் புருஷன் சவுரிராயனும் மேற்கே கொய்னா அணைக்கு மண் சுமக்கப் போனவர்கள். அறுபத்தேழாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் அங்கே பூமி ஆடியது. இவர்கள் பிழைத்தார்கள். பக்கத்துக் குடிசையில் மேலே ஏற்றி வைத்திருந்த சாமான் சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. மறு வருஷம் பொன்னி மாசமாக இருந்தபோது, பிரசவத்துக்கு விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தான் சவுரிராயன்.

வந்தவள் வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்றாள். வேப்பமரத்தடியும் வேண்டாமாம், கிளை விழுமாம். வெட்டவெளியில் பாயைப் போட்டாள். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. கூட்ஸ் வண்டி போனால் தரை அதிரும், இவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஐப்பசி மழை வரப்போகிறது, வயிறோ நிறைமாதம். மழைக்கு முன்னால் அவளை உள்ளே கொண்டுவர வேண்டுமே என்பதுதான் எனக்குத் தவிப்பு.

"உள்ள வாடி. ஈரத்துலயா புள்ள பெத்துக்கப் போற?"

"வர்றேன் அண்ணி. மொதல்ல அந்தப் பானைங்கள எறக்குங்க."

கதவை ஒட்டி என் உயரத்துக்கு அடுக்குப்பானை. கூலியாக வந்த கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் அதில்தான். என் தாய்வீட்டுச் சீர் அது.

"எறக்கி உன் தலையிலயா வைக்கிறது? பூமி ஆடுறது அங்க. இங்க ஆடுறது ரயிலுதான்."

"நாங்களும் அணையில வெடி வைக்கிறாங்கன்னுதான் சொல்லிக்கினு இருந்தோம் அண்ணி."

அப்படியும் நான் இறக்கவில்லை. என் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று நான்தானே சொல்ல வேண்டும்?

அவள் சும்மா இருந்தாளா? பரணில் கிடந்த குழவியை அண்ணனை விட்டு இறக்க வைத்தாள். தலைமாட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். என் பிள்ளைகளை வைத்துப் பழக்கினாள்: "கதவுகிட்ட இருந்தா வெட்டவெளிக்கு ஓடு. உள்ள மாட்டிக்கினா சொவத்த வுட்டு நவுந்து குந்திக்கினு தலைய மூடு." பிள்ளைகள் ஒவ்வொரு ரயிலுக்கும் குந்தின. என் புருஷன் விருத்தாசலம் சோற்றுத் தட்டோடு கத்தினார்.

"இன்னாடி பேஜாரு இது! வூடா, டிராமா கொட்டாயா?"

மழை ஒரு மத்தியானம் வந்தது. கூடவே வலியும் எடுத்துவிட்டது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், உள்ளே வரவில்லை. சாரலுக்காகக் கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தேன். அந்த இடுக்கு வழியாக, "பானை, அண்ணி" என்கிறாள்.

வந்த கோபத்தில் எக்கி மேல்பானையை இழுத்தேன். அது வழுக்க, அடுக்கே சரிந்தது. உடைந்த ஓடும் கேப்பையுமாகக் கதவடியில் குவிந்தது. உள்ளே திறக்கிற கதவு அது. அப்படியே மாட்டிக்கொண்டது. நான் உள்ளே, அவள் மழையில். வெளியிலிருந்து விருத்தாசலம் தோளால் முட்டினார். அசையவில்லை. நான் கையாலேயே வாரினேன்.

"பதறாதீங்க அண்ணி, ஓடு கைய அறுத்துடும். அண்ணே, இடிக்காதே, அவங்க வாரட்டும்." வலியில் இருப்பவள் எங்களுக்குச் சொல்கிறாள்.

கதவு விலகியதும் வந்தாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் கண்ணயர்ந்த நேரம் கூட்ஸ் வண்டி போனது. சட்டென்று குழந்தையின் தலைமேல் கையைக் கவித்தாள்.

"அண்ணி, கதவு?"

"தொறந்துதான் கெடக்குது. படு."